தோட்டத்து ரொட்டி பிறந்த கதை

இலங்கையின் ஊவா மலைகளில், ஹல்துமுல்லையிலோ கொஸ்லாந்தையிலோ, தேயிலைத் தோட்டத்துப் பக்கம் யாரைக் கேட்டாலும் ரொட்டி நம்ம பரம்பரைச் சாப்பாடு என்பார்கள். பரம்பரை என்றால் ஒரு எண்பது வருசம். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த நம் ஆட்கள் ஊரில் கேப்பையும் கம்பும் தின்றவர்கள். மலைக்கு வந்தபின் சோறு. அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். அதற்கு விலை வரம்பு வைத்துச் சட்டம்கூட 1927-இல் வந்தது. அந்த அரிசியில் பெரும்பங்கு பர்மா அரிசி.

1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு. நாலு நாள் கழித்துத் திருகோணமலையில். ஊவா மலைகளில் குண்டு விழவில்லை, அரிசிதான் நின்றுபோனது. அன்றைக்கு இலங்கை தின்ற அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. சர்க்கார் கூப்பன் கொடுத்து அளந்து போட்டது. குறைந்த அரிசிக்கு ஈடாக மக்கள் கையில் வந்து சேர்ந்தது கோதுமை மாவு.

கூப்பன் எல்லோருக்கும்தான். ஆனால் கிராமத்துக்காரருக்கு வயலும், காட்டைச் சுட்டுப் பயிரிடும் சேனையும் இருந்தன, குரக்கன் என்ற கேப்பையாவது விளையும். லயத்து வரிசை வீட்டுக்காரருக்கு இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் ஒரு கீரைப்பாத்தி. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை, அதைத் தின்ன முடியாது. பிரிட்டிஷ் உணவு அமைச்சோ தேயிலையை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து பறிப்பு ஒரு நாளும் நிற்கக்கூடாது. ஆக, மாவைத்தான் நம்பியாக வேண்டும்.

மாவில் உப்பு, துருவிய தேங்காய், தண்ணீர். பிசைந்து உருட்டி, உள்ளங்கையால் தட்டி, விறகடுப்பில் காய்ந்த கல்லில் போட வேண்டியதுதான். தேங்காய் விலை ஏறினால் அதுவும் கிடையாது, வெறும் மாவு. விரல் கனத்தில் இருப்பதால் இரண்டு தின்றால் மத்தியானம் வரை வயிறு கேட்காது. சிங்களக் கிராமத்துப் பொல் ரொட்டியின் சாயல் இதில் இருக்கிறது. அங்கே அது பலகாரம், இங்கே வேளைச் சாப்பாடு. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் சின்ன வித்தியாசமில்லை.

சண்டை 1945-இல் முடிந்தது. ரொட்டி போகவில்லை. விடியுமுன் எழுந்து, பிள்ளையைக் கிளப்பி, காலைப் பெயர்ப்பதிவான பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்குச் சோறும் கறியும் ஆக்க நேரமேது? ரொட்டியைச் சுட்டுத் துணியில் சுற்றி, மிளகாய் இடித்த கட்டச்சம்பலோடு மலைக்குக் கொண்டுபோகலாம், ஆறினாலும் கெடாது. இதைச் சொல்லித்தான் ரொட்டியை மெச்சுவார்கள். எனக்கென்னவோ, நேரத்தைவிடக் காசுதான் காரணம் என்று படுகிறது. அரிசி விலையும் அடங்கவில்லை. 1953-இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து அளவு 25 சதத்திலிருந்து 70 சதமானபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவித் திட்டத்து மாவும் வரத் தொடங்க, ரொட்டி நிலைத்துவிட்டது.

அதற்குப்பின் எங்கே சண்டை மூண்டாலும் இந்தக் கல்லில் சூடு தெரிந்தது. 1973-இல் அரபு–இஸ்ரேல் போர். எண்ணெய் ஏறியது, முன்பே ஏறியிருந்த கோதுமை இன்னும் எட்டாமல் போனது, கூப்பன் மாவைக் குறைத்தார்கள். 1974-இல் தோட்டங்களில் சாவு எண்ணிக்கை கூடியதை அரசாங்கப் பதிவுகளே காட்டுகின்றன. 2022-இல் உக்ரைன் போர், கூடவே நாட்டின் டாலர் பஞ்சம். ஒரே வருசத்தில் மாவு விலை பல மடங்கு. சோற்றுக்கு ஈடாக ரொட்டி வந்தது. ரொட்டிக்கு ஈடாக எதுவும் வரவில்லை. அதற்கு முன்பே, 2016 தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் நாடு முழுக்க 100-க்கு 17, தோட்டங்களில் 32.

மலையகப் பாரம்பரிய உணவு என்று விழாக்களில் ரொட்டிக்குக் கடை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பலகையில் 1942 என்ற வருசத்தையும் எழுதுங்கள்.