கைசர் சீஃப்ஸ்: ஆட்டக்காரர் முதலாளியான வழி

சொவேட்டோவின் கைசர் சீஃப்ஸ் கிளப் பிறந்ததை விளக்கும் ஒரு வாசிப்பு நெடுநாளாக வழங்கிவருகிறது. ஓர்லாண்டோ பைரேட்ஸின் முன்கள ஆட்டக்காரர் கைசர் மொட்டவுங் 1968இல் அட்லாண்டா சீஃப்ஸ் அணிக்கு ஆடப் போனார். அவ்வாண்டு அந்த அணி வட அமெரிக்க லீக் பட்டத்தை வென்றது. அவர் லீகின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். தொழில்முறைக் கால்பந்து எப்படி நடக்கிறது என்பதை அங்கே கண்டு, ஊர் திரும்பி, 1970 ஜனவரியில் தமக்கென ஒரு கிளப்பைத் தொடங்கினார். கிளப்பின் பெயரும் சின்னமும் இதற்குச் சாட்சி. இந்த வாசிப்பின்படி, ஆட்டக்காரரே உரிமையாளராகும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்த சரக்கு. செய்திகள் ஒவ்வொன்றும் உண்மைதான். அவற்றிலிருந்து எட்டப்படும் முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. பெயர் வந்த வழி வேறு, உடைமை வந்த வழி வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாசிப்பின் வலுவான ஆதாரம் சின்னம் என்பதால் அதையே முதலில் பார்க்க வேண்டும். இறகு முடி அணிந்து பக்கவாட்டில் திரும்பிய, அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஒருவரின் முகம் அது. அட்லாண்டா அணியின் சின்னத்தோடு ஒப்பிட்டால் கடன் வாங்கியது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. ஆனால் அட்லாண்டாவில் அந்த முகம் எப்படி வந்தது? அட்லாண்டா சீஃப்ஸ் அணியைத் தொடங்கியவர்கள் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர்கள். மில்வாக்கியிலிருந்து 1966இல் பேஸ்பால் அணியை அந்நகருக்குக் கொண்டுவந்த அவர்கள், அடுத்த ஆண்டே கால்பந்து அணியையும் இறக்கினர். இரண்டுக்கும் பழங்குடிப் படிமம் கொண்ட பெயர்கள். ஆக, அந்த முகம் ஒரு பேஸ்பால் நிறுவனத்தின் முத்திரை. ஆட்டக்காரர் எவரும் அங்கே முதலாளி இல்லை. ஆட்டத்தோடு பயிற்சியையும் கவனித்த ஃபில் வூஸ்னம்கூடச் சம்பளத்துக்கு வந்தவர்தான். மொட்டவுங் அங்கே கற்றிருக்கக் கூடியவை ஊதியம், ஒழுங்கு, விளம்பரம். ஆட்டக்காரர் உடைமையைக் கற்க அங்கே வழியே இல்லை, ஏனெனில் அது அங்கே இருக்கவில்லை. சொவேட்டோவுக்கு வந்த பெயரில் நடந்த மாற்றமும் கவனத்துக்குரியது. ஊரின் பெயர் நின்ற இடத்தில் ஓர் ஆளின் பெயர் வந்து உட்கார்ந்தது. சின்னத்தை அப்படியே எடுத்தவர்கள் பெயரில் மட்டும் கை வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் கை வைத்த இடத்தில்தான் உள்ளூர்க் காரணத்தைத் தேட வேண்டும்.

அந்தக் காரணம் சொவேட்டோவின் ஓர்லாண்டோ பகுதியில் இருக்கிறது. பைரேட்ஸ் தனி மனிதரின் சொத்தாக அப்போது இருக்கவில்லை. உறுப்பினர்களும் குழுவும் நடத்திய கிளப் அது. 1960களின் இறுதியில் அதற்குள் பூசல் முற்றி, எட்வர்ட் கோசா, தாமஸ் ஜான்சன், ராதா மொக்கோட்லெங் ஆகிய ஆட்டக்காரர்களும் மேலாளர் எவர்ட் நேனேவும் வெளியேற்றப்பட்டனர். ஊர் திரும்பிய மொட்டவுங் சமரசம் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. அதன்பின் திரண்ட அணி முதலில் கைசர் லெவன் என்ற பெயரில் ஆடியது. சீஃப்ஸ் என்ற பெயர் பிறகு வந்தது. 1970 ஜனவரி 7 கிளப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒன்றாகத் திரண்டு ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்குப் பெயர் நிலைத்த நாளாக அதைக் கொள்வதே பொருத்தம் என்பேன். பிறப்பு அதற்கு முந்தியது, அதை ஒரே தேதியில் முடக்க வேண்டியதில்லை. பிரிந்து போய்ப் புது அணி கட்டுவது ஓர்லாண்டோவுக்குப் புதிதும் அன்று. 1937இல் ஓர்லாண்டோ சிறுவர் மன்றத்தில் முளைத்த பைரேட்ஸே அந்த மன்றத்தை விட்டு வெளியேறியவர்களின் அணிதான். பைரேட்ஸ் பிறந்த விதத்திலேயே சீஃப்ஸும் பிறந்தது. இரண்டாம் முறை பிரிந்தவர்களிடம் ஊரே அறிந்த ஒரு நட்சத்திரம் இருந்தார் என்பதுதான் வேறுபாடு. ஆள் திரட்ட அவர் பெயர் வேண்டியிருந்தது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. பைரேட்ஸின் இன்னொரு நட்சத்திரமான ஜோமோ சோனோ 1977இல் நியூயார்க் காஸ்மாஸுக்கு ஆடினார். 1982இல் ஜொகானஸ்பர்கின் ஹைலண்ட்ஸ் பார்க் கிளப்பை வாங்கி ஜோமோ காஸ்மாஸ் என்று பெயர் மாற்றினார். இருவரும் அமெரிக்கா சென்றவர்கள், இருவரும் அமெரிக்கப் பெயர் சூட்டியவர்கள், இருவரும் உரிமையாளர்கள். அப்படியானால் அமெரிக்காதானே காரணம்? இல்லை. நியூயார்க் காஸ்மாஸ் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தின் சொத்து. அங்கேயும் ஆட்டக்காரர் முதலாளி இல்லை. இருவரும் பெயரைக் கடன் வாங்கிய அமெரிக்க அணிகள் வேறு, காலம் வேறு. இருவருக்கும் பொதுவான பள்ளி பைரேட்ஸ். சோனோவின் தந்தை எரிக்கும் அதே கிளப்பின் ஆட்டக்காரர். குழு நடத்தும் கிளப்பில் நட்சத்திரத்தின் மேல் கூட்டம் திரள்கிறது, வசூலும் முடிவும் வேறு கைகளில் இருக்கின்றன என்பதை இருவரும் ஓர்லாண்டோவில் கண்டு வளர்ந்தவர்கள். அமெரிக்கா அவர்களுக்கு ஒரு பெயரையும், தம் உழைப்புக்கு விலை உண்டு என்ற தெம்பையும் தந்தது. அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் 1970இல் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் கிளப்பை ‘உடைமையாகக் கொண்டார்’ என்பதற்கு என்ன பொருள்? ஆதாரம் மெலிந்திருப்பது இங்கேதான். ஆகவே இங்கேதான் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறவெறி அரசின் 1963ஆம் ஆண்டு விதிகள் நகரக் குடியிருப்புகளில் கறுப்பர் ஒன்றுக்கு மேற்பட்ட வணிகம் நடத்துவதையும் கம்பெனியோ கூட்டு வணிகமோ அமைப்பதையும் தடுத்தன. சொவேட்டோவில் நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்க இயலாது. 99 ஆண்டுக் குத்தகை உரிமையே 1978இல்தான் வந்தது. மைதானம் இல்லை, பதிவு பெற்ற கம்பெனி இல்லை. அப்போது கைக்குள் இருந்தவை ஒரு பெயர், ஆட்டக்காரர்களின் விசுவாசம், டிக்கெட் வசூலில் ஒரு பங்கு, இவ்வளவே. மேலும் கிளப் தொடங்கிய பின்னும் மொட்டவுங் அட்லாண்டாவுக்கு ஆடப் போனார். அங்கே கூலிக்கு ஆடிய காலத்தில் சொவேட்டோவில் அன்றாடம் கிளப்பை நடத்திய கைகளில் முதன்மையானவை நேனேவுடையவை. ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் செய்தவர் அவர். 1976இல் நெல்சன் ட்லாட்லாவை அணியில் சேர்க்க க்வாதெமாவுக்குப் போன இடத்தில் அவர் குத்திக் கொல்லப்பட்டார். ‘தனி மனிதர் நிறுவிய கிளப்’ என்ற கதையில் அவருக்குத் துணைப் பாத்திரமே கிடைப்பது நியாயமில்லை.

எனவே மொட்டவுங்கின் தனி உடைமை 1970இல் முழு வடிவில் பிறந்தது என்பதைவிட, நேனேவின் மறைவுக்கும் சட்டத் தடைகள் தளர்ந்ததற்கும் பின்னர் மெல்ல இறுகியது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. இது ஊகம்தான்; ஆனால் அமெரிக்க வாசிப்பைவிடக் குறைந்த வலிவு கொண்ட ஊகம் அன்று. 1985இல் பழைய லீகிலிருந்து பிரிந்து தேசிய சாக்கர் லீக் உருவானபோது அதை முன்னின்று நடத்தியவர்களில் மொட்டவுங் ஒருவர். அப்போது அவர் கிளப் முதலாளி என்ற தகுதியில் பேசினார் என்பது தெளிவு. 1970க்கும் 1985க்கும் இடையே எந்த ஆண்டில் அந்தத் தகுதி அவருக்கு முழுமையாக வந்தது என்பதை, சின்னத்தையும் பெயரையும் மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. பைரேட்ஸ் குழுவின் பதிவுகளோடும் லீகின் பதிவேடுகளோடும் ஒப்பிட்டுத்தான் தீர்க்க வேண்டும்.