பிளைவுட் விமானத்தில் போருக்குப் போனவர்கள்

1941 ஜூனில் ஹிட்லரின் படைகள் சோவியத் யூனியனுக்குள் புகுந்தபோது, விமானம் ஓட்டத் தெரிந்த இளம்பெண்கள் அங்கே நிறையவே இருந்தார்கள். பறக்கும் சங்கங்களில் பயின்றவர்கள். எங்களையும் போர்முனைக்கு அனுப்புங்கள் என்று மனு மேல் மனு போட்டும் பலனில்லை. கடைசியில் காரியத்தைச் சாதித்தவர் மரீனா ரஸ்கோவா. 1938-இல் மாஸ்கோவிலிருந்து தூரக்கிழக்கு வரை எங்கும் இறங்காமல் பறந்த மூன்று பெண்களில் ஒருவர். அவருடைய முயற்சியால் 1941 அக்டோபரில் மூன்று பெண்கள் விமானப்படைப் பிரிவுகளுக்கு உத்தரவு பிறந்தது. மூன்றில் கடைசிவரை ஓர் ஆண்கூட இல்லாமல் இயங்கியது ஒன்றுதான்: யெவ்தோகியா பெர்ஷான்ஸ்கயா தலைமையிலான 588-வது இரவுக் குண்டுவீச்சுப் பிரிவு.

அவர்களுக்குக் கிடைத்தது போ-2. பயிற்சிக்கும் வயலுக்கு மருந்தடிக்கவும் பயன்பட்ட, மரத்தாலும் துணியாலும் ஆன, மேற்கூரை இல்லாத விமானம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகமே பெரும்பாடு. இலக்கை நெருங்கியதும் எஞ்சினைத் தணித்துச் சறுக்கியபடி இறங்கிக் குண்டு போடுவார்கள். இருட்டில் காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டுமே கேட்டதால் ஜெர்மானியர் வைத்த பெயர் 'இரவுச் சூனியக்காரிகள்'.

இந்தப் பெயரையே எல்லோரும் சொல்கிறார்கள். தரையில் நின்றவர்களை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறை. ஒரு விமானம் ஒரே இரவில் பல முறை போய்வர வேண்டும். இறங்கிய சில நிமிடங்களில் பெட்ரோல் நிரப்பி, குண்டுகளைக் கையால் தூக்கி இறக்கைக்கடியில் மாட்ட வேண்டும். அதைச் செய்தவர்களும் இளம்பெண்களே. கையுறையோடு ஃபியூஸைத் திருக முடியாது. உறைபனியிலும் வெறும் விரல்தான். விளக்கைத் தாராளமாகக் காட்டவும் வழியில்லை. விடிந்தபின் ஓட்டைகளுக்கு ஒட்டுப்போடும் வேலை வேறு காத்திருக்கும்.

1943 ஏப்ரலில் நோவோரஸீஸ்க் அருகே, விமானி யெவ்தோகியா நோசால் குண்டடிபட்டு இருக்கையிலேயே இறந்தார். உடல் கட்டுப்பாட்டுத் தடியின்மேல் சாய்ந்தது. பின்னால் இருந்த நேவிகேட்டர் கஷீரினா எழுந்து, ஒரு கையால் தோழியின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே, மறு கையால் விமானத்தை ஓட்டித் தளத்தில் இறக்கினார். இந்தப் போரில் 'சோவியத் யூனியனின் வீரர்' பட்டம் பெற்ற முதல் பெண் விமானி நோசால். அதுவும் மறைவுக்குப் பிறகு.

ஜூலை 31 இரவு கூபான் பகுதியில் தேடுவிளக்குகள் எரிந்தன, ஆனால் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வாய் திறக்கவில்லை. ஏனென்று புரிவதற்குள் முன்னால் போன விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றி எரிந்தன. அன்று வேட்டையாடியது ஜெர்மானிய இரவுப் போர் விமானம். நான்கு விமானங்கள், எட்டுப் பெண்கள். ஒருவரிடமும் பாராசூட் கிடையாது. அந்த எடைக்கும் குண்டே ஏற்றலாம் என்பதுதான் அன்றைய கணக்கு. பாராசூட் தந்தது 1944-இல். இறந்த எட்டுப் பேரில் கஷீரினாவும் ஒருவர்.

மறுநாளிலிருந்து மற்றவர்கள் மீண்டும் பறந்தார்கள். போர் முடிவதற்குள் சுமார் 24,000 முறை குண்டுவீசப் போயிருந்தது அந்தப் பிரிவு. 23 பேர் வீரர் பட்டம் பெற்றார்கள். அப்படியும் 1945 அக்டோபரில் பிரிவைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போர்முனையில் தகுதியாக இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு, அமைதிக்கால விமானப்படையில் இடமில்லாமல் போயிற்று.