ஜீப்பு வேஷம் கட்டின காரு

"இதெல்லாம் ஒரு ஜீப்பா? காருக்கு வேஷம் கட்டி விட்டிருக்கான்." சின்ன க்ராஸ்ஓவர்களைப் பாத்து இப்படிச் சொல்றவங்க நிறைய பேர். வேஷம்தான் சாமி. ஆனா அந்த வேஷத்தோட அருமை புரியணும்னா 1988க்குப் போகணும்.

நம்ம ஊரு ஜிப்ஸிக்குப் பங்காளி, சுஸுகி சாமுராய். லேடர் சேஸிஸ், முன்னாடியும் பின்னாடியும் முழு ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். அமெரிக்காவுல கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை இதை ஓட்டிப் பாத்தாங்க. திடீர்னு குறுக்க ஏதாவது வந்தா ஒடிச்சுத் திருப்புவோமே, அந்த மாதிரி ஒரு டெஸ்ட். ஒரு பக்கத்து ரெண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பிடுச்சு. 'ஏற்க முடியாத வண்டி'ன்னு முத்திரை குத்திட்டாங்க, விற்பனை படுத்துடுச்சு. டெஸ்டையே திருகிட்டாங்கன்னு சுஸுகி 1996ல கேஸ் போட்டு, 2004ல காசு கை மாறாம சமரசம் ஆச்சு.

யார் பக்கம் நியாயம்னு பட்டிமன்றமே வைக்கலாம். என்னைக் கேட்டா, கேஸை விட கணக்கு முக்கியம். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கற அகலத்துல பாதியை, ஈர்ப்பு மையத்தோட உயரத்தால வகுங்க. கார்களுக்குப் பெரும்பாலும் 1.3லேருந்து 1.5 வரும். எஸ்யூவி, பிக்கப்புகளுக்கு 1.0லேருந்து 1.3. எண் குறையக் குறைய கவிழறது சுலபம். அமெரிக்க அரசு 2001 மாடல்லேருந்து இதை வெச்சுதான் ஸ்டார் போட ஆரம்பிச்சாங்க.

1994ல டொயோட்டா ராவ்4 வந்தது. சேஸிஸ் கிடையாது, கார் மாதிரி மோனோகாக் பாடி, நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். (1977லயே ரஷ்யாவுல லாடா நிவா மோனோகாக்தான், ஆனா பின்பக்கம் முழு ஆக்ஸில். அதுக்குரிய மரியாதையை யாருமே தர்றதில்ல!) முழு ஆக்ஸில்ல ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கினா அடுத்ததும் சேர்ந்து சாயும். தனித்தனியா இருந்தா அந்தத் தொல்லை இல்ல. ஸ்பிரிங்குக்குக் கீழே ஆடற எடையும் குறைவு.

ஆனா உயரம் உயரம்தானே? வளைவுல சாயாம இருக்க ஸ்பிரிங்கை இறுக்கி, ஆன்டி ரோல் பாரைத் தடிமனாக்கணும். அந்த பார் இடது வலது சக்கரங்களை மறுபடி கொஞ்சம் கட்டிப் போட்டுடும். ஒரு பக்கம் மட்டும் குழி வந்தா நம்ம தலை இடதும் வலதுமா ஆடுதே, அது இதனாலதான். வீல்பேஸ் வேற குட்டை, ஸ்பீட் பிரேக்கர்ல முன்னும் பின்னுமா குதிரை சவாரி :-)

சாமுராய் பிரச்சினைக்கு நிஜமான மருந்து ஸ்பிரிங்லேருந்து வரல, சாஃப்ட்வேர்லேருந்து வந்தது (நம்ம ஆளுங்க!). வண்டி வழுக்கறதை சென்சார்ல பிடிச்சு, எந்தச் சக்கரத்துக்கு வேணுமோ அதுக்கு மட்டும் பிரேக் போடற ஈஎஸ்சி. அமெரிக்காவுல 2012 மாடல்லேருந்து அது எல்லாக் காருக்கும் கட்டாயம்.