ஒப்புமை வேறு, காரணம் வேறு: எச்எல்ஏ-பி27 நோயில் நுண்ணுயிரும் டி செல்லும்

தன்னுடல் தாக்குநோய்களுக்கு நுண்ணுயிரே தூண்டுகோல் என்று வாதிடுவோர் பெரும்பாலும் புரத வரிசையிலிருந்தே தொடங்குகிறார்கள். கிருமியின் புரதத்தில் ஒரு துண்டு மனிதப் புரதத்தின் ஒரு துண்டை ஒத்திருக்கிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய தற்காப்பு உடலையும் தாக்கிவிடுகிறது என்பது அவர்கள் கூற்று. கூற்றில் பிழையில்லை; தொடங்கும் இடத்தில்தான் கோளாறு. நோயுற்ற இடத்தில் பெருகியிருக்கும் டி செல் எதைப் பார்க்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு இறுக்க நோயின் ஆய்வு வரலாறு இதற்குத் தக்க சான்று.

அந்நோய்க்கும் எச்எல்ஏ-பி27 மரபணு வகைக்கும் உள்ள நெருக்கத்தை 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இரு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் பி27 உண்டு. ஆனால் பி27 உள்ளவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. செல்லுக்குள் நறுக்கப்பட்ட புரதத் துண்டுகளான பெப்டைடுகளை ஏந்தி டி செல்லுக்குக் காட்டுவதே இம்மரபணு உருவாக்கும் பி27 மூலக்கூறின் வேலை. அப்படியானால் அது காட்டும் எந்தப் பெப்டைடு வினையை விதைக்கிறது?

1987இல் ஒரு விடை வந்தது. கிளெப்சியெல்லா பாக்டீரியாவின் நைட்ரோஜனேஸ் நொதியும் பி27 மூலக்கூறும் அடுத்தடுத்த ஆறு அமினோ அமிலங்களில் ஒத்திருந்தன. கவர்ச்சியான விடைதான். ஆனால் சற்றே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 அமினோ அமிலங்களைக் கொண்டு 6.4 கோடி ஆறெழுத்து வரிசைகள் அமைக்கலாம். மனிதப் புரதங்கள் சுமார் 20,000; அவற்றில் உள்ள மொத்த இடங்கள் ஏறத்தாழ 1 கோடி. எனவே ஏதேனும் ஒரு ஆறெழுத்து வரிசை மனித உடலில் எங்கோ இருப்பதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று. சில ஆயிரம் புரதங்கள் கொண்ட ஒரு பாக்டீரியாவிலோ இத்தகைய வரிசைகள் 10 லட்சத்துக்கும் மேல். தற்செயலாகவே லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்புமைகள் கிடைத்துவிடும்! இவற்றில் ஒன்றைப் பொறுக்கியெடுத்துக் காரணம் என்பது சான்றாகாது.

டி செல் வரிசையைப் படிப்பதும் இல்லை. பி27 ஏந்தும் பெப்டைடின் இரண்டாம் இடத்தில் பெரும்பாலும் ஆர்ஜினின் இருக்கும். அது பி27 மூலக்கூறின் பள்ளத்துக்குள் புதைந்துவிடும். டி செல்லுக்கு முகம் காட்டுபவை நடுவிலுள்ள சில அமினோ அமிலங்களே. வரிசையில் ஒவ்வாத இரு பெப்டைடுகள் அதற்கு ஒன்றுபோலத் தோன்றலாம். தோன்றியே ஆகவும் வேண்டும்: ஒன்பது அமினோ அமிலப் பெப்டைடுகள் 51,200 கோடி வகையில் அமையக்கூடும், ஒருவர் உடலிலுள்ள டி செல் ஏற்பிகளின் வகைகள் அதற்குப் பக்கத்தில்கூட வராது. முதல்வகை நீரிழிவு நோயாளி ஒருவரின் ஒற்றை டி செல் ஏற்பி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெப்டைடுகளை இனங்காணும் என்று கார்டிஃப் ஆய்வாளர்கள் 2012இல் காட்டினர். ஆக, குறுக்கு இனங்காணல் தற்காப்பின் பழுதன்று, அதன் இயல்பு. எல்லாரிடமும் உள்ள இந்த இயல்பு சிலரிடம் மட்டும் ஏன் நோயாகிறது என்பதை வெறும் ஒப்புமை சொல்லாது.

2022இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் கிருமியிலிருந்து தொடங்கவில்லை. நோயாளிகளின் மூட்டு நீரிலும், பி27 சார்ந்த கண் அழற்சியில் கண்ணிலும் திரண்டிருந்த டி செல்களை எடுத்தார்கள். டிஆர்பிவி9 என்னும் பகுதியைக் கொண்ட ஏற்பிகள் இரண்டிலும் தென்பட்டன. பிறகு பி27 ஏந்திய பெப்டைடுகளின் பெருந்தொகுப்பை அவ்வேற்பிகளிடம் காட்டித் தேர்வு செய்யவிட்டார்கள். பாக்டீரியப் பெப்டைடுகள், மனிதப் பெப்டைடுகள் இரண்டுமே அகப்பட்டன. படிக அமைப்புகள் ஏற்பி பற்றும் பொது வடிவத்தையும் காட்டின.

எதிர்ச்சான்றையும் மறைக்கலாகாது. பி27 புகுத்தப்பட்ட எலிகள் கிருமியற்ற சூழலில் வளர்ந்தால் குடலழற்சியும் மூட்டழற்சியும் வருவதில்லை என்று 1994இல் தெரிந்தது; நுண்ணுயிர் வாதத்துக்கு இது வலுவான தூண். ஆனால் அத்தகைய எலிகளில், பி27 காட்டும் பெப்டைடுகளைப் பார்க்கும் வகையான சிடி8 டி செல்கள் இல்லாமலும் நோய் வந்தது. முதல் முடிவைக் கொண்டாடி இரண்டாவதைக் கைகழுவுவது நேர்மையாகாது. பி27 சரியாக மடியாமல் போவதே அழற்சிக்குக் காரணம் என்ற மாற்றுக் கருத்துக்கும் எலியில் இடமிருக்கிறது. மனித டிஆர்பிவி9 எலியிடம் இல்லாததால், எலியைக்கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க முடியாது என்பது என் மதிப்பீடு.

தீர்ப்பு மனிதரிடமிருந்தே வர வேண்டும். டிஆர்பிவி9 செல்களை மட்டும் நீக்கும் எதிர்ப்பொருளால் ஒரு நோயாளிக்கு நோய் தணிந்ததாக ரஷ்ய ஆய்வாளர்கள் 2023இல் எழுதினர். ஒருவர் கதை சான்றாகாது. ஒப்பீட்டுக் குழுவுடன் நடக்கும் பெரிய சோதனைகளிலும் இச்செல்களை நீக்கியபின் நோய் அடங்குமானால், டி செல் இந்நோயின் காரணி என்பது நிறுவப்படும். கிருமியின் பங்கை அதன்பின்னும் தனியே நிறுவியாக வேண்டும்.