எலும்பு போன பின்பும் மண் இருந்தது

பூந்தமல்லியில் கிளம்பும் எங்கள் சாலை குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், போரூர், நந்தம்பாக்கம் தாண்டிப் பரங்கிமலைப் பக்கம் போய்ச் சேர்கிறது. மவுண்ட்-பூந்தமல்லி சாலை என்று விலாசத்தில் தினமும் எழுதுகிறோம். அந்த மவுண்டில்தான் இயேசுவின் சீடர் தோமா கி.பி. 72-இல் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்விட்டார் என்பது மரபு. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எங்கள் பங்குப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் வேதசாட்சி அவர்தான். எது ஏட்டில் உள்ளது, எது வழிவழியாக வந்தது என்று பிரித்தே சொல்வேன். விசுவாசத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.

ஏடுகளில் பழையது, 3-ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட ‘தோமாவின் பணிகள்’. மஸ்தாய் என்ற அரசன் ஆணையிட, நான்கு வீரர்கள் அவரை ஈட்டியால் குத்தினார்கள் என்கிறது அது. அவர் கல்லறை உள்ளதாக மரபு சொல்லும் மயிலாப்பூரின் பெயர் அதில் இல்லை. ஆனால் கதையின் முடிவைக் கவனியுங்கள். அரசனின் மகனுக்குப் பேய் பிடிக்கிறது. அரசன் கல்லறையைத் திறந்தால் எலும்புகள் இல்லை. யாரோ மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். எலும்பு கிடந்த இடத்து மண்ணை எடுத்து மகனுக்குக் கட்டுகிறான், பிள்ளை பிழைக்கிறான்.

எலும்புகள் இந்தியாவிலிருந்து எடெஸ்ஸா நகருக்கு வந்ததை 4-ஆம் நூற்றாண்டில் புனித எப்ரேம் பாடியிருக்கிறார். இன்றைய துருக்கியின் உர்ஃபாதான் அந்த ஊர். பிறகு அவை கியோஸ் தீவுக்கும், 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் போயின.

எலும்பு போனதும் ஜனங்கள் வருவதை விட்டார்களா? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ எழுதியதைப் படித்தால் தெரியும். கல்லறை இருந்தது சிற்றூர், வியாபாரிகள் அதிகம் வராத இடம். ஆனாலும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருகிறார்கள். புனிதர் இறந்த இடத்துச் சிவப்பு மண்ணை எடுத்துப்போய், முறைக்காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுக்கிறார்கள். கோயிலைப் பார்த்துக்கொண்டவர்கள் தென்னை வைத்துப் பிழைக்கிறார்கள். மயிலுக்கு வேடன் விட்ட அம்பு தவறிப் பட்டு தோமா இறந்தார் என்று போலோவின் காதில் விழுந்த கதை வேறு. கதை மாறினாலும் கல்லறையை யாரும் மறக்கவில்லை.

போர்த்துகீசியர் அதன் பிறகு வந்தவர்கள். 1547-இல் மலை உச்சியில் கோயில் கட்டத் தோண்டியபோது அவர்களுக்கு ஒரு கற்சிலுவை கிடைத்தது. இன்றும் பீடத்தில் அதைப் பார்க்கலாம்: மேலே இறங்கும் புறா, கீழே தாமரை இதழ்கள், சுற்றிலும் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. 1558 டிசம்பர் 18-இல் திருப்பலி நடக்கும்போது அது இரத்தம் வியர்த்தது என்பார்கள். தோமா அணைத்தபடி உயிர்விட்ட சிலுவை இதுதான் என்று நம்புவோர் பலர். அந்த எழுத்து அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு அதுவும் பெரிய செய்திதான். போர்த்துகீசியருக்கு வெகுகாலம் முன்பே கடல் கடந்து வந்த யாரோ அந்த உச்சியில் செபித்திருக்கிறார்கள்.

மண்ணை மதிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. 1693 பிப்ரவரி 4-இல் இன்னொரு வேதசாட்சியான அருளானந்தர் தலை வெட்டப்பட்ட ஓரியூரில், அவர் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று சொல்லும் மண்ணை இன்றும் ஜனங்கள் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஈட்டியோடு கதையை முடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எலும்பும் இல்லாமல், அரசனின் தயவும் இல்லாமல், தென்னை வைத்துப் பிழைத்துக்கொண்டு ஒரு கல்லறையைக் காத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. காய்ச்சலோடு கிடந்த பிள்ளைக்காக ஒரு பிடி மண் கேட்டு வந்த எந்த மதத்தாரையும் அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. தோமாவின் நினைவு நம் கைக்கு வந்து சேர்ந்தது அவர்களால்தான். வேதசாட்சியை வணங்கும்போது அவர்களுக்கும் ஒரு செபம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.