கல்லெழுத்துக் கற்ற உபாத்தியாயர்

உயர்பதவியும் ஓய்வும் வாய்த்தாலன்றிப் பெருங்கல்வி கைகூடாதென நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாதென்பதைச் சார்ல்ஸ் லாப்வொர்த் என்னும் நிலநூற் பேராசிரியரின் சரித்திரத்தால் ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

இவர் 1842-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள பாரிங்டன் என்னும் ஊரிற் பிறந்தவர். 1864-இல் தென் ஸ்காட்லாந்திலுள்ள காலஷீல்ஸ் என்னும் ஊரிற் பள்ளி உபாத்தியாயராய் அமர்ந்து, பதினோராண்டு அத்தொழில் புரிந்தார். நிலநூலைத் தாமே பயின்றார். பள்ளிநாட்களிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுவார். விடுமுறை வந்தால் மலைக்குச் செல்லுவார்.

அம்மலைகளில் ஏடு ஏடாய்ப் பிளக்குங் கரும்பாறைகள் உள. அவற்றிலே கிராப்டோலைட் என்னும் பண்டைக் கடற்பிராணிகளின் சுவடுகள் பென்சிற் கீறல்போலத் தோன்றும். முன்னாராய்ந்தோர், பாறை முழுவதும் மிகுந்த கனமுடைய ஒரே தொடரென்று கருதினர். லாப்வொர்த்தோ, மாபட் என்னும் ஊருக்கு அருகிலுள்ள டாப்ஸ் லின் மலையிடுக்கில், எந்தச் சுவடு எந்த ஏட்டில் உளதென்று நுணுகி நுணுகிக் குறித்தார். மெல்லிய சில அடுக்குகளே புடைவை மடிப்புப்போற் பலகால் மடங்கி மீண்டும் மீண்டுங் காணப்படுகின்றன என்பது அதனால் வெளியாயிற்று. இம்முடிபை 1878-இல் வெளியிட்டார்.

அப்போது அவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து ‘மதராஸ் காலேஜ்’ என்னும் பள்ளியில் உதவியாசிரியர். நம் சென்னைக்கும் அப்பள்ளிக்கும் தொடர்புண்டு. சென்னை எழும்பூரில், மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவரது பொருளால் நிறுவப்பட்டது அது.

அக்காலத்தே நிலநூலாரிடைப் பெரும்பிணக்கொன்று இருந்தது. வேல்ஸ் நாட்டுப் பாறையடுக்குகளிற் சிலவற்றைச் செட்ஜ்விக் ‘கேம்பிரியன்’ என்றார். மர்ச்சிசன் ‘சைலூரியன்’ என்றார். நண்பராயிருந்த இருவரும் பகைவராயினர். அவர் மறைந்த பின்னும் வழக்கு ஓயவில்லை. 1879-இல் லாப்வொர்த், அவ்வடுக்குகள் தனிக்காலத்தன எனக் காட்டி, வேல்ஸில் வாழ்ந்த ஒரு தொல்குடியின் பெயரால் ‘ஆர்டொவீசியன்’ என்று பெயரிட்டார். 1881-இல் பர்மிங்காமிலுள்ள மேஸன் கல்லூரி அவரைப் பேராசிரியராக்கிற்று. அவர் 1920-இல் காலஞ்சென்றார். அவரிட்ட பெயரை உலக நிலநூல் மகாநாடு ஏற்றதோ 1960-இல்.

பதவி அறிவைத் தரவில்லை. அறிவே பதவியைத் தந்தது. சபைகளிற் பட்டமுடையாரை முன்னிருத்திச் சிற்றூர் உபாத்தியாயரைப் பின்னிருத்தும் வழக்கம் நம் சமூகத்தில் ஒழிதல் வேண்டும். அவருள்ளும் ஒரு லாப்வொர்த் இருத்தல் கூடும். அவருக்கு நூலும் விடுமுறைக்காலத்துப் பொருளுதவியும் நம் சங்கத்தார் அளிப்பாராயின், அதுவே நிலைத்த தருமமாம்.