தங்க எழுத்தும் தோல் பசையும்

ஏர்வாடிப் பக்கம் போர்டு எழுதியே முப்பது வருஷம் ஓட்டியவன் நான். வள்ளங்களுக்குப் பேர் எழுதியிருக்கிறேன். தர்காவுக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுக்கு, டீக்கடைக்கு, சைக்கிள் கடைக்கு எழுதியிருக்கிறேன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷ் மூலைக்குப் போயிருச்சு. போன வருஷம் மதுரையில் சில இளைஞர்கள் மூன்று நாள் பயிற்சி வச்சாங்க. கண்ணாடியில் தங்க ரேக்கு ஒட்டி எழுத்து எழுதுகிற பயிற்சி. தொழில் கத்துக்கத்தான் போனேன். வேற ஒன்னையும் கத்துக்கிட்டு வந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியின் பின்பக்கத்தில்தான் எழுத வேண்டும். எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருக்கும். முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு நேராகத் தெரியும். கண்ணாடியை அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் ஜெலட்டினைக் கரைத்து மேலே பூச வேண்டும். தங்க ரேக்கைக் கையால் தொட்டால் போச்சு, கிழிந்து விரலோடு வந்துவிடும். அணில் மயிரில் செய்த தட்டைப் பிரஷ்ஷைக் கன்னத்தில் ஒருமுறை தேய்த்தால் கொஞ்சம் பிசுக்கு ஏறும்; அதில் ரேக்கு ஒட்டிக்கொண்டு வரும். ஈரக் கண்ணாடி பக்கம் கொண்டுபோனால் தானே தாவிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு பஞ்சால் மெதுவாகத் தேய்த்து, எழுத்து இருக்கும் இடத்தில் பின்னால் பெயிண்ட் அடித்து, மிச்சத் தங்கத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். பெயிண்ட் காத்த இடம் மட்டும் தங்கமாக நிற்கும்.

இது பழைய வித்தை. ரோமாபுரியில் கண்ணாடிக்குள் தங்க ரேக்கு வைத்துப் படம் செய்திருக்கிறார்கள். 1400 வாக்கில் இத்தாலியில் சென்னினோ சென்னினி கண்ணாடியில் தங்கம் ஒட்டும் முறையை எழுதி வைத்தார். இதற்கு இன்று வழங்கும் பிரெஞ்சுப் பேர், 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் படச்சட்டம் போட்ட குளோமி என்பவரின் பேரிலிருந்து வந்தது. ஒட்டினவர் பேர் நின்றுவிட்டது. ரேக்கு அடித்தவன் பேர்?

ரெண்டாம் நாள் ஜெலட்டின் கரையும்போது ஒரு வாடை வந்தது. எனக்குத் தெரிந்த வாடை. "இது எதுல செய்றது தம்பி?" என்று கேட்டேன். "மாட்டுத் தோலு, எலும்புலதான் ஐயா" என்றார் சொல்லிக்கொடுத்த பையன். தச்சுப் பட்டறையில் மரம் ஒட்டுகிற வச்சிரமும் இதே வழிதான். அதோடு விடவில்லை. தங்கத்தை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அடிக்க வேண்டுமானால் இரும்புக்கு நடுவில் வைத்து அடிக்க முடியாது. மாட்டுக் குடலின் மேல்சவ்வை உரித்து, பதப்படுத்தி, அடுக்கி, அதற்குள் தங்கத்தை வைத்துத்தான் காலங்காலமாக ஐரோப்பாவில் அடித்தார்கள். இப்போது பிளாஸ்டிக் படலம் வந்துவிட்டது. நம் நாட்டில் இனிப்புக்கு மேல் ஒட்டும் வெள்ளி ரேக்கும் தோல் அடுக்குக்குள்தான் அடிபட்டது. அதற்கு விலங்குப் பொருள் கூடாது என்று அரசு விதி போட்டது 2016இல்.

கேட்டதும் என் தாத்தா ஞாபகம் வந்தார். செத்த மாட்டை இழுப்பது அவர் காலத்தில் ஊர்க் கட்டாயம். தோலைத் திண்டுக்கல் வியாபாரி வாங்கிப் போவான். வாடை தாத்தா மேல் நின்றது. சரக்கு ஊர் தாண்டிப் போனது. தோலைத் தொட்டவன் தீட்டு, தோலுக்குள் அடிபட்ட தங்கம் மட்டும் சுத்தமா?

தங்கமே யார் கையால் வந்தது? 1880 முதல் கோலாரில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டியது. வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் சனங்கள்தான் அதில் பெரும்பான்மை. மூணு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, கல்தூசி நெஞ்சில் ஏறிச் செத்தவர்கள் எத்தனையோ. அந்தத் தங்கம் லண்டனுக்குப் போனது. ஆனால் அந்தச் சனங்கள் சும்மா இருக்கவில்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையைப் பின்னாளில் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் நடத்தினார். தங்கம் வெட்டியவர்கள் எழுத்தும் அச்சடித்தார்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது.

என் கதைக்கு வருகிறேன். 1980களில் ஒரு கிராமத்து டீக்கடைக்கு மஞ்சள் பெயிண்டில் தங்கம் மாதிரி நிழல் வைத்துப் போர்டு எழுதினேன். ரெண்டு நாள் வேலை. முடிந்ததும் டீ கொடுத்தார்கள், சிரட்டையில். உள்ளே கண்ணாடி கிளாஸ் வரிசையாக இருந்தது. தர்காவுக்குள் எல்லாரும் ஒன்னாத்தான் நிக்கிறாங்க. அதைத் தாண்டி ஊருக்குள்ளே போனால் கதை வேற. இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. அது நடந்து இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் எனக்குச் சிரட்டை.

போர்டு வெறும் பெயிண்ட் இல்லை என்பது 1997இல் எல்லாருக்கும் தெரிந்தது. விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பேரில் போக்குவரத்துக் கழகம் வந்தது. கட்டபொம்மன் படையில் நின்று உயிரைக் கொடுத்தவர் அவர். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம், சாவு. கடைசியில் அந்த ஜூலையில் அரசு, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பேரையும் எடுத்துவிட்டது. ஒரு பேரைச் சகிக்க முடியாமல் எல்லாப் பேரையும் அழித்தார்கள். பெயிண்டர்களுக்கு வேலை கிடைத்தது. பேரை எழுதினதும் எங்க ஆளுகதான், அழிச்சதும் எங்க ஆளுகதான்.

மூன்றாம் நாள் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து, பிடித்ததை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் வீட்டுப் பேர், காப்பிக் கடைப் பேர் எழுதினார்கள். நான் தாத்தா பேரை எழுதினேன். ஊர் அவரை ஒருநாளும் முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாதிப் பேரும் 'டேய்'யும்தான். முழுசாக எழுதினேன். அஞ்சு எழுத்துக்கு ரெண்டு தரம் ரேக்கு ஒட்ட வேண்டியிருந்தது, முதல் தரம் ஓட்டை விழுந்துவிட்டது.

அது இப்போது வீட்டு முன்சுவரில் இருக்கிறது. பேரன் தினம் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: உங்க வீட்டுப் பெரியவங்க என்ன வேலை செஞ்சாங்க, அந்தப் பொருள் எங்கே போச்சு, யார் வீட்டு வாசலில் மினுங்குது என்று கேளுங்க. கேட்டதை அவங்க முழுப் பேரோடு எழுதி வையுங்க.